இருபத்தொன்பதாம் நாள் மாலை

…காணவில்லை என்றால் காணவில்லை, அதைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம். பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி கமலேஸ்வரி மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒஸ்லோப் புறநகர் புருசெத்தின் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் போன இடத்தில் மட்டும் மஞ்சள், அதற்கு இடப்பக்கமாக ஒரு நீட்டு மேகம், பிழியாத துணி போல, பிறை இருந்தால் அந்தத் துணிக்குப் பின்னால்தான் இருக்கும், இருக்குமா, யார் கண்டது. உள்ளே நாற்காலியில் பேனாட், எண்பத்தொரு வயது, எதைப் பார்த்தாலும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரித்தான் தெரிகிறதாம், அவருடைய கால்களிலிருந்து இறுக்கக் காலுறைகளை இப்போதுதான் உரித்து எடுத்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே தோல் வரிவரியாய்ப் பதிந்து கிடந்தது, மடியில் கொப்பி, கையில் பேனா. தெரியுதோ என்று கேட்டார். அவர் பேசுவது நோர்வேஜியன், கெய்ரோவில் பிறந்த நாக்கு அதை உருட்டி உருட்டிப் பேசும், அந்த மொழியில் பிரதமருக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'நீ'தான், ஆனாலும் அவளுடைய தலைக்குள் அது ஊர்த் தமிழாகி 'நீங்கள்' என்றுதான் விழுகிறது, அவரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த நாலு வருடமாக.

நாலு வருடத்தில் இந்தப் பிறைக் கதை அவளுக்குப் பாடம். ஒஸ்லோவிலுள்ள மற்ற யூதர்களுக்கு அச்சடித்த கலண்டர் இருக்கிறது, அவர்கள் சனிக்கிழமையே புதுவருடத்தைத் தொடங்கிவிட்டார்கள், இவர் வேறு கூட்டம், கணக்கை நம்பாத சிறு கூட்டம், கண்ணால் கண்டால்தான் மாதம். அதிலும் இவர் ஒரு தனிக்கட்டை. ஜெருசலேமில் கண்டதை உடனே இணையத்தில் போடுகிறார்களாம், அது அங்கே நிற்கிறவனுக்கு, நான் நிற்பது இங்கே என்கிறார். மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை பார்க்கவேண்டும், கண்டால் அந்த மாலையே புது மாதம், காணாவிட்டால் பழைய மாதத்துக்கு முப்பது நாள், அடுத்த மாலை தானாகத் தொடங்கும். ஒரேயொரு நாள் வித்தியாசம். ஆனால் இது ஏழாம் மாதம், இதன் பத்தாம் நாளில் மாலையிலிருந்து மாலைவரை தண்ணீரும் குடியாமல் விரதம், நீரிழிவு உடம்போடு. இன்று பிறை கண்டால் விரதம் அடுத்த வெள்ளி. காணாவிட்டால் சனி. வெள்ளியென்றால் அவள் இருப்பாள், கிழமை நாட்களில் காலையும் மாலையும் அவள்தான், இந்த முறை வைத்தியர் சொன்னபடி பாதி ஊசி, மூன்று தரம் விரலைக் குத்திப் பார்ப்பது, இறங்கினால் வாயில் சீனித்தண்ணீரை ஊற்றி அவருடைய கடவுளிடம் அவளே பேசிக்கொள்வாள். சனியென்றால் வேறு யாரோ. போன வருடம் அப்படித்தான், சனிக்கிழமை, புதிதாக வந்த பிள்ளை சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள், இவர் சாப்பிட்டேன் என்று பச்சைப்பொய் சொல்லியிருக்கிறார், விரதமென்றால் தடுப்பார்கள், வைத்தியரைக் கூப்பிடுவார்கள் என்ற பயம், அவள் முழு ஊசியையும் போட்டுவிட்டுப் போய்விட்டாள். குசினித் தரையில் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தாராம், கீழ்வீட்டுக்காரிக்குச் சத்தம் கேட்டிராவிட்டால்… இந்த முறை தாளில் எழுதிவைக்கலாம், பெரிய எழுத்தில், ஆனால் தாள் பக்கத்தில் இருந்து ஆளைப் பார்க்குமா, வியர்க்கிறதா நடுங்குகிறதா என்று.

மத்தியானம் மகள் ஆரணி பேர்கனிலிருந்து போன் எடுத்திருந்தாள். "அம்மா, அடுத்த வெள்ளி இரவு ஃப்ளைட், வாக்த் மாத்தியாச்சோ இல்லையோ?" எனக்குச் சனி வாக்த் இல்லை, வேலை இல்லாத நாள் பிள்ளை, என்றாள் இவள். "பிறகு அந்த மனுசன் விழுந்திட்டார், இந்த மனுசி மயங்கீட்டா எண்டு கதை சொல்லக்கூடாது. சனிக்கிழமை என்ர நிச்சயதார்த்தம். நீங்கள் இல்லாமல் மோதிரம் போடமாட்டன்." போடமாட்டாளாம். போடாமல் விட்டுவிடுவாளா. ஆனாலும் தாய் இல்லாத நிச்சயதார்த்தத்தைப் பிறகு எதைக் கொண்டு ஈடு செய்வது, போகத்தான் வேண்டும், போனால் இவர், இவரென்றால் அவள்… ஒரு சொல்லில் முடியக்கூடிய விஷயம். ஓம். ஆனையிறவு உப்பளத்தில் பதின்மூன்று வயதிலேயே பழகிய சொல், பாத்தி காஞ்சுதோ என்று கங்காணி வரம்பில் நின்று கத்துவான், போய்ப் பார்த்தால் இன்னொரு நடை, பிளந்த குதிக்காலில் உப்புத்தண்ணீர் ஏறும், பார்க்காமலே ஓம் என்பார்கள், அம்மாவும் அப்படித்தான், கூலிக்கு நிற்கிறவளின் வாய் கண்ணைக் கேட்டுப் பேசுவதில்லை. இங்கேயும் அதுதானே, பல் விளக்கியாயிற்று சரி, கிறீம் பூசியாயிற்று சரி, தாளில் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. அப்படியிருக்க ஒரு பிறைக்கு மட்டும் என்ன.

"ஓம், தெரியுது," என்றாள்.

பேனாட் நிமிர்ந்தார். அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள், எழுதுவார், கொப்பியை மூடுவார், தேத்தண்ணி ஊற்றலாம் என்று. "எந்தப் பக்கம்?" சூரியன் போன இடத்துக்கு இடப்பக்கம், என்றாள், அது தெரியும், மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளே. "எவ்வளவு உயரம்?" கூரைக்கு மேலே நாலு விரல். இதென்ன பொலிஸ் விசாரணை. "கொம்பு எந்தப் பக்கம் பாக்குது?" கொம்பா… அமாவாசை போய் மூன்றாம் நாள், மூன்றாம் பிறை, அதை அவள் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள், வெறும் கண்ணால், கடல்நீரேரிக்கு மேலே, சிவனின் தலையில் இருக்கிற அதே பிறை, யோசிக்க என்ன இருக்கிறது. "மேலை பாத்து," என்றாள். "ரெண்டு கொம்பும் மேலை. தோணி மாதிரிப் படுத்திருக்கு."

"படுத்திருக்கோ?"

"ஓம்."

கப்பல் பட்டறையில் முப்பது வருடம் இரும்பு ஒட்டிய அவருடைய கை, எழுதாமலே பேனாவை மூடியது. "பழைய மாசத்துக்கு முப்பது நாள்," என்றார், வேறு யாருக்கோ சொல்வது போல. அவளுக்கு முகம் சூடாகியது. நான் கண்டனெண்டு சொல்லுறன், என்றாள். "ஓம், கேட்டனான். மெத்த நன்றி." கோபமில்லை, அதுதான் இன்னும் எரிச்சல், கோபப்பட்டாலாவது திருப்பிக் கொடுக்கலாம். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "போன வருசம் சாப்பிட்டனெண்டு சொன்னீங்களே, அது மட்டும் என்ன?" பேனாட் சிரித்தார், மேற்பல் வரிசை கிண்ணத்தில் கிடந்ததால் வெறும் பல்முரசு தெரிந்தது. "அது நேர்ஸுக்குச் சொன்னது. நேர்ஸுக்கு எல்லாரும்தான் பொய் சொல்லுவினம்." பிறகு, "உங்களுக்கு பஸ் போகப்போகுது," என்றார்.

போகட்டும் என்று படியிறங்கினாள், லிஃப்டில் யாரோ சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்ன பிழை விட்டேன், பக்கம் சரி, உயரம் சரி, கண் தெரியாத மனிதன் எதை வைத்துப் பிடித்தார், குரலிலா, ஓம் என்பதற்கு முன்னால் விட்ட மூச்சிலா… அல்லது ஒன்றையும் பிடிக்கவில்லையோ, பொம்பிளை சொன்ன சாட்சி போதாது என்று ஏதும் சட்டமோ. இனிச் சனிதான். சனி காலை பேர்கனில் பட்டுச்சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், அந்தப் பிள்ளைக்கு இரண்டு தரம் எடுத்துச் சொல்லவேண்டும், நம்பாதே, சாப்பிட்டேன் என்றால் தட்டைக் காட்டச் சொல்லு… கதவைத் தள்ளி வெளியே வந்தாள், குளிர், பஸ் இன்னும் வரவில்லை, தரிப்பிடத்தில் நின்றபடி கழுத்துத் துணியை இறுக்கினாள். மேகம் ஒரு சாண் விலகியிருந்தது.

அங்கே இருந்தது. நாலு விரல்கூட இல்லை, இரண்டு விரல், மெல்லிய கோடு, வெட்டிய நகத்தை யாரோ நிமிர்த்தி நிறுத்தியது மாதிரி. நின்றது. படுக்கவில்லை, கொம்பு இரண்டும் பக்கவாட்டில், இடப்பக்கம், முதுகு சூரியன் போன திசையில். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில், ஒருநாளாவது இந்தப் பிறையை ஏறிட்டுப் பார்த்தாளா, வேலைக்கு ஓடும்போது நிலத்தையும் பஸ் நேரத்தையும்தானே பார்த்தாள். அவர் இங்கே அறுபது வருடம் மாதம் தவறாமல் பார்த்தவர். தோணியாம், அது ஊர்ப் பிறை, இங்கே இந்த மாதத்துப் பிறை நின்றுதான் வரும் என்று அவருக்குத் தெரியாதா. அவளுக்குத் தன்னையே அறையலாம் போலிருந்தது, பிறகு சிரிப்பும் வந்தது, நான் சொன்னது பொய், சொன்ன நாள் சரி, வெள்ளிதான், உண்மையாகவே வெள்ளி. பஸ் வளைவில் திரும்பியது. அவள் திரும்பிக் கதவுக்கு நடந்தாள், பிறை கூரையை முட்டிக்கொண்டிருந்தது, ஐந்து நிமிடம்கூட இருக்காது, பேனாட் என்று எழுதிய பொத்தானை அழுத்தினாள். என்ன சொல்வது, நிக்குது, கொம்பு இடப்பக்கம் என்றா? இப்போது சரியாகச் சொன்னாலும் அது கண்டதாக இருக்காதே, திருத்திய விடையாகத்தானே இருக்கும், கீழே போய் யாரையோ கேட்டுக்கொண்டு வந்த விடை.

"ஆர்?" என்றது கதவிலிருந்த பெட்டி.

"பேனாட், நான் முதல் காணேல்லை," என்றாள். "பொய். இப்ப கண்டிட்டன்."

பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கொப்பியைத் தேடுகிறாரா, அப்படியே நிற்கிறாரா, தெரியவில்லை. பின்னால் பஸ் கதவைத் திறந்து, மூடி, போயிற்று. பொத்தானில் விரலை வைத்தபோது வெள்ளியோ சனியோ பேர்கனோ எதுவும் தன் நினைவில் இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் கண்டதை ஒரு மனிதன் நம்பவேண்டும் என்ற ஒன்றைத் தவிர, இதை எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் சரி போடுவது… பெட்டி இன்னும் இரைந்தது, அவள் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.