புதரைப் பார்க்க ஓர் ஆள்

விடியுமுன் ஏழு வண்டிகளையும் கழுவியாக வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மற்ற நாட்களில் சேற்றைத் தேய்ப்போம். இன்று சக டிரைவர் பர்சலோயின் வண்டிப்படியில் உறைந்திருந்த ரத்தத்தைத் தேய்த்தேன். வாளித் தண்ணீர் சிவந்தது.

மாரா வனவிலங்குச் சரணாலயத்தில் யாரும் தனியாக டயர் மாற்றுவதில்லை. ரேடியோவில் 'பஞ்சர்' என்று குரல் வந்தால் பக்கத்திலிருக்கிற வண்டி போய் நிற்கும். ஒருவன் சக்கரத்தைக் கழற்றுவான், இன்னொருவன் புதரைப் பார்த்துக்கொண்டிருப்பான். டிரைவர்களாகிய நாங்கள் உயிரோடிருப்பதே அந்த வழக்கத்தால்தான். போன மாதம் முதலாளி கமாண்டே அதை நிறுத்தினார். விலங்கு பார்க்க வரும் விருந்தாளிகளின் நேரம் வீணாகிறதாம். உதவிக்கு வண்டியை நிறுத்துகிறவனுக்கு வேலை இல்லை என்றார்.

நேற்று பர்சலோய் 'பஞ்சர்' என்றான். கூப்பிடு தூரத்தில் நான்தான் இருந்தேன். என் வண்டியிலிருந்தவர்கள் சிறுத்தையைப் பார்க்கப் பறந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போனேன்.

புதரிலிருந்து வந்த காட்டெருமை அவன் தொடையைக் கிழித்துவிட்டது. அவன் வண்டி விருந்தாளிகள் அதையும் படம் பிடித்தார்கள். பிறகு இருக்கையில் ரத்தம் பட்டுவிட்டதென்று முகம் சுளித்தார்கள். முதலாளி மன்னிப்புக் கேட்டு ஷாம்பெயின் திறந்தார். கூடாரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. காறித் துப்ப வேண்டும்போலிருந்தது, முதலில் என் மூஞ்சியில்.

கழுவுமிடத்துக்கு முதலாளி வந்தபோது, பர்சலோயின் வைத்தியச் செலவை யார் பார்ப்பது என்று நசியேகு கேட்டாள். எங்களில் ஒரே பெண் டிரைவர் அவள்.

"வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. மீறினது அவன். இனிமே இங்க அவனுக்கு வேலையும் இல்ல."

"எறங்காம டயர எப்படி மாத்தறதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன், முதலாளி."

அவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நேத்து நான் நின்னிருக்கணும்" என்றேன்.

"ஆமா, நின்னிருக்கணும்." நசியேகு துணியைப் பிழிந்தாள். "இன்னைக்கு நில்லு."

ஆறு வண்டிகள் கிளம்பின. வெயில் ஏறுமுன் ரேடியோவில் அவள் குரல் வந்தது: "பஞ்சர்." அவளுடைய நாலு டயரும் கல் மாதிரி இருந்ததைக் காலையில் நானே தட்டிப் பார்த்திருந்தேன். போய் நிறுத்தினேன். ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நான்கும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வந்து சுற்றி நின்றன. இத்தனை வண்டி கூடினால் சிங்கமாகத்தான் இருக்கும் என்று விருந்தாளிகள் கேமராவைத் தூக்கினார்கள்.

முதலாளி ரேடியோவில் வந்தார். "பஞ்சர் ஒரு வண்டிக்குத்தானே? மத்த அஞ்சும் எதுக்கு நிக்குது?"

நான் பொத்தானை அழுத்தினேன். "புதரப் பாக்க ஆள் வேணுமே, முதலாளி."

"பர்சலோய வேலைக்கு எடுக்கற வரைக்கும் பாப்போம்" என்றாள் நசியேகு.

ஆறு பேருக்கும் வேலை போச்சு என்று அவர் கத்தினார். ஒரு இன்ஜின்கூட உறுமவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். நசியேகுவின் நல்ல சக்கரத்துக்கு முதுகைக் கொடுத்து, புதரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.