கியரில் நிற்கும் கார்

"தள்ளாதீங்க மாமா, கார் கியர்ல நிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பிரவீனா ஓடிப்போய்க் காருக்குப் பின்னால் நின்றாள்.

காரின் முன்பக்கம் கை வைத்திருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குள் அவள் புருஷன் கிருபாசங்கர் கிடந்தார். நேற்றுச் சாயங்காலம் டீக்கடைக்கு நடந்துபோனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கணபதி ஏரியாவில் அந்தச் சந்து வீடுகளில் ஐஸ் பெட்டி வைக்க போர்ட்டிகோவை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த இடத்தையும் மாதக்கணக்காக இந்தச் சிவப்புக் கார் அடைத்துக்கொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. எஞ்சின் மேல் பிரவீனாவின் பழைய சேலை போர்த்தியிருந்தது. அதையும் கேட்காமல்தான் எடுத்திருந்தார்.

"ஏன் அம்மணி, தம்பி ரோட்டுல கிடக்கறான். உனக்கு இப்பக் காருதான் பெருசாப் போச்சா?" என்றார் பாலுசாமி. இறந்தவரின் அண்ணன்.

"எஞ்சின் பெல்ட்டைக் கழட்டி வெச்சிருக்காருங்க மாமா. கியர்ல போட்டுத் தள்ளுனா பிஸ்டன் மேல வந்து வால்வை வளைச்சுப்போடும்."

சொல்லிவிட்டு அவளுக்கே எரிச்சலாக வந்தது. எழவு வீட்டில் பொம்பளை பேசுகிற பேச்சா இது? கல்யாணமான நாளிலிருந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதையே கேட்டுக் கேட்டு, வேண்டாமென்றாலும் மண்டையில் ஏறிக் கிடந்தது. ஒரு மனுஷன் ஆசை ஆசையாகப் பிரித்து மாட்டிய எஞ்சின், அவர் வீடு வந்து சேருவதற்குள் சொந்தக்காரர்கள் கையாலேயே வீணாகிப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காரை அவளுக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

எல்லாம் அந்த கேம்ஷாஃப்டால் வந்த வினை. எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. அதிலிருக்கும் மேட்டை மாற்றினால் காரின் குணமே மாறிவிடும் என்பார். இரண்டு ஜோடி வாங்கி வந்தார். சிவப்புப் பெட்டியில் இருந்தது ரேஸுக்கானது. பைபாஸில் பறக்கும், சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறும். நீலப் பெட்டியில் இருந்தது சாது. வேகம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் உதறாது. எதைப் போடுவது என்று கூட்டாளி அர்ஷத்தோடு போனில் ஓயாத வாக்குவாதம். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

பிரவீனாவுக்கு இடுப்பு வலி. பிரதோஷத்துக்கு அவிநாசி கோயிலுக்குப் பஸ்ஸில்தான் போய்வருவாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்: "சிக்னல்ல வண்டி நிக்கையில டேஷ்போர்டு மேல ஒரு டம்ளர் காப்பி வெப்பேன். சிந்தாம இருந்தா ஏறுவேன். இல்லீன்னா நான் பஸ்லயே போய்க்கறனுங்க." அவர் சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் கேம்ஷாஃப்ட்தான், முடிவு பண்ணியாச்சு என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாலுசாமி கார் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. ஸ்டியரிங்கும் லாக். சாவி எங்கே என்று அர்ஷத் கேட்டான். பிரவீனா ஆம்புலன்ஸைக் காட்டினாள். இரண்டு தடவை தொலைத்த பிறகு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வது அவர் வழக்கம். மாற்றுச் சாவி வால்பாறை மலையில் எங்கோ கிடக்கிறது.

கார் நகர்ந்தால்தான் அவர் உள்ளே வரலாம். அவர் சாவி கொடுத்தால்தான் கார் நகரும். உயிரோடு இருக்கும்போதும் இந்த மனுஷனிடம் எந்தக் காரியமும் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கும்.

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றார் பாலுசாமி. வேண்டாம் என்றுவிட்டு அவளே ஆம்புலன்ஸில் ஏறினாள்.

போகும்போது அரைஞாண் கயிறுகூட நம்மோடு வராது என்பார்கள். அதில் கார் சாவியைக் கட்டிக்கொண்டு போகப் பார்த்த ஆள் இவர் ஒருத்தர்தான். போர்வையை விலக்கி வேட்டியைத் தளர்த்தினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்துக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். சில்லென்ற அந்த வயிற்றில் இன்னமும் எஞ்சின் ஆயில் வாடை. குளித்துவிட்டுப் போங்கள் என்று நேற்றும் சொன்னாள். கேட்டால்தானே.

வெளியே வந்தபோது அர்ஷத்தின் மனைவி நிலோஃபர், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க ஒரு டம்ளர் குறைகிறது, செட்டில் ஒன்றைக் காணோம் என்றாள். அதையும் எடுத்து போல்ட் நட்டுப் போட்டு வைத்திருப்பார், தேட வேண்டாம் என்றாள் பிரவீனா.

கார் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பி லாக்கை எடுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். அப்போதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். சிவப்புப் பெட்டி. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. பிரிக்கவே இல்லை. அதற்குக் கீழே நீலப் பெட்டி காலியாகக் கிடந்தது.

அப்படியென்றால் எஞ்சினுக்குள் இருப்பது நீலம்.

நிமிர்ந்தாள். டேஷ்போர்டின் மேல், அவள் பக்கம் என்று அவர் சொல்லுகிற இடத்தில், அவளுடைய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் வளையம் வேறு. அதிலும் ஒரு திருட்டுத்தனம்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டிருக்காது.

"தள்ளலாமுங்களா அக்கா?" என்றான் அர்ஷத்.

தலையசைத்தாள். கார் மெல்லப் பின்னால் உருண்டு, வாசல் சரிவில் இறங்கும்போது ஒரு குலுக்கு குலுக்கியது. ஆம்புலன்ஸ் ஒதுங்கி வழிவிட்டது. "அம்மணி, ரெண்டு கையாலயும் ஸ்டேரிங்கப் புடி" என்று பாலுசாமி சத்தம் போட்டார்.

அவள் ஒரு கையாலேயே திருப்பினாள். இன்னொரு கையை எட்டி டம்ளரைப் பிடித்திருந்தாள். காலி டம்ளர்தான்.