ஆறு நிமிஷம் நிற்கும்

ரைன் நதியை ஒட்டிப் போகும் ரயிலில், நதி தெரிகிற பக்கத்து ஜன்னலோரத்தைப் பிடிப்பதற்காக பிரெபென் காலை ஆறு மணிக்கே மனைவியை எழுப்பிவிட்டான். கோப்லென்ஸ் ஓட்டலில் ஜன்னலைத் திறந்தால் அந்நேரத்துக்கே வெக்கை முகத்தில் அடித்தது. யூட்டேவுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஒருநாள் ரூம்லயே இருந்துடறேனே, பிரெபென்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருக்கு. ஆர்ஹுஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்தது கட்டில்ல படுக்கவா?"

முப்பத்தெட்டு வருஷம் ஒரு டேனிஷ் பள்ளியில் பூகோள வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு அவன் வகுப்பில் மிச்சமிருந்தது யூட்டே மட்டும்தான்.

பத்து மணிக்குள் ரயில் பெட்டி அடுப்பாகக் காய்ந்தது. குளிர்சாதனம் ஓடவில்லை, ஜன்னலையும் திறக்க முடியாது. மலைமேல் ஒவ்வொரு கோட்டை வரும்போதும் பிரெபென் நோட்டைப் பார்த்துப் பெயரையும் நூற்றாண்டையும் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்தாளா என்றும் பார்த்துக்கொண்டான். குடிதண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டதில் பாட்டில் காலியாகிவிட்டது.

"அடுத்த ஸ்டேஷன்ல ஆறு நிமிஷம் நிக்கும். பிளாட்பாரத்துலயே குழாய் இருக்கும். ரொப்பிட்டு வா."

"நீ போயேன். எனக்கு முட்டி..."

"நான் எழுந்தா சீட் போயிடும்."

யூட்டே பாட்டிலோடு இறங்கினாள். கைப்பை, போன், டிக்கெட் எல்லாம் இருக்கையில். குழாய் நடைமேடையின் கடைசியில் இருந்தது. பாட்டில் பாதி நிறைவதற்குள் கதவுகள் கீச்சிட்டு மூடிக்கொண்டன. நொண்டிக்கொண்டு நாலெட்டு ஓடினாள். ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் பிரெபென் தெரிந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான்.

அங்கேயே இரு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருகிறேன் என்கிறான். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

எதிர் நடைமேடைக்குப் படியேறி இறங்கிப் போய் உட்கார்ந்தாள். ஸ்டேஷனில் ஆள் அரவமே இல்லை. டிக்கெட் கொடுக்கும் அறை பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிழலும் கொதித்தது. அவன் போன பக்கத்திலிருந்து முதல் ரயில் வந்தது. சைக்கிளோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அடுத்த ரயிலில் யாருமே இறங்கவில்லை. மூன்றாவதும் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவனுக்கு அறுபத்தேழு வயது. இந்த வெயில். ஓடிவந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தால்? தண்ணீர்கூட நம்மிடம்தானே இருக்கிறது என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்தில் கூடை நிறைய பிளம்ஸ் பழத்தோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நூர்தென் என்று பெயர். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள்.

"ஏம்மா அழறீங்க? யாருக்காகக் காத்திருக்கீங்க?"

யூட்டே தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். நூர்தென் உடனே போனை நீட்டினாள். பிரெபெனின் எண் யூட்டேவுக்கு மனப்பாடமில்லை, மகள் ரிக்கேயின் எண்தான் நினைவில் இருந்தது. ரிக்கே விசாரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள்.

"அம்மா, பயப்படாதே. அப்பா நல்லாத்தான் இருக்கார். கோட்டையில இருக்காராம்."

"கோட்டையிலயா?"

"பன்னெண்டரைக்கு வழிகாட்டி சுத்திக் காட்டுவாராம், அதை விட்டா நாளைக்குத்தானாம். நீ ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, மலைக்குக் கீழ இருக்கிற தோட்டத்து ஓட்டலுக்கு வரணுமாம்."

யூட்டே கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதா, அம்மா?"

டேனிஷ் புரியாத நூர்தென் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியா?" என்றாள்.

"இல்லை. கோட்டை."

நூர்தென் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு இரண்டு கை நிறையப் பழத்தை அள்ளி யூட்டேவின் மடியில் கொட்டினாள்.

அறுபத்து நாலு வயதில் முதல்முறையாக டிக்கெட் இல்லாமல் ரயிலேறி, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நடுங்கியபடி யூட்டே போய்ச் சேர்ந்தாள். தோட்டத்தில் மர நிழலில் பிரெபென் இரண்டாவது பீரில் இருந்தான். வெயிலில் சிவந்து, முகம் நிறையச் சந்தோஷமாக இருந்தான்.

"வா வா! மகாராணி கோட்டையையே கோட்டை விட்டுட்டீங்களே!"

"ஏன் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கல?"

"இறங்கி? ரெண்டு பேருமே பார்க்காம போகணுமா? ஒருத்தராவது பார்த்தோமே."

"கையைக் காட்டினியே, பிரெபென்."

"ஆமா. டாட்டா காட்டினேன்."

"ஆறு நிமிஷம் நிக்கும்னு சொன்னே."

"அது ஞாயித்துக்கிழமை அட்டவணை. பொடி எழுத்துல போட்டிருக்கான், யார் கண்டா? நீயும்தான் ஆமை மாதிரி நடந்தே."

"உனக்கு நெஞ்சுவலி வந்து எங்கேயோ விழுந்துட்டியோன்னு நினைச்சு அங்க உக்காந்து அழுதேன்."

"எனக்கா?" அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "போன மாசம்தானே டாக்டர் பார்த்து ஒண்ணுமில்லைன்னார்." பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து நகர்த்தினான். கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது உருகிப் பரவியிருந்தது. அவன் பங்கு முடிந்து, அவள் பங்கிலும் பாதிதான் மிச்சமிருந்தது. "சாப்பிடு. அப்புறம் போட்டோ காட்டறேன். நேர்ல பார்த்த மாதிரியே இருக்கும்."

திரும்பும் ரயிலில் ரிக்கே அழைத்தாள். பிரெபென் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கதையைச் சொன்னான். பாட்டிலும் கையுமாக யூட்டே நொண்டி ஓடி வந்ததை உட்கார்ந்தபடியே தோளை ஆட்டி நடித்துக் காட்டினான். மறுமுனையில் ரிக்கே சிரிப்பது யூட்டேவுக்குக் கேட்டது. போன் அவள் கைக்கு வந்தது.

"நீயும் கொஞ்சம் சிரியேன், அம்மா. இதையெல்லாம் பெருசு பண்ணிட்டு இருக்காதே."

தன் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று யூட்டேவுக்குத் தோன்றியது. "நல்ல வெயில் இங்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஓட்டல் வாசலில் நின்று கேட்டாள்: "நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வாயேன்?"

"ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சே" என்றான் பிரெபென். "இந்தத் தடவை நதி அந்தப் பக்கம் வரும். நல்ல சீட்டா பிடிக்கணும்."

மறுநாள் காலை முதல் ரயிலில் அவளும் இருந்தாள்.