புள்ளி விழாத ஆறு குழிகள்

“மறுபடியும் எடுக்கணும் சார்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்றே கணினிக்கார அண்ணன் அவளை ஓரங்கட்டிச் சொல்லியிருந்தான்: “சார்கிட்ட எதை வேணா கேளு. லீவு கேளு, புது மைக்ராஸ்கோப் கேளு. நோயாளிகிட்ட மறுபடியும் எடுக்கணும்னு மட்டும் வாயைத் திறந்திடாதே.” வார்டு ஒரு ராஜ்யம், ஆய்வகம் இன்னொரு ராஜ்யம். நடுவில் இருக்கிற கதவைத் திறக்கப் பேராசிரியர் பல வருஷம் கெஞ்சியிருக்கிறார். மறுபடியும் கேட்பதென்றால், முதல் தடவை கோட்டை விட்டுவிட்டோம் என்று நாமே தண்டோரா போடுவது.

“என்னத்தை எடுக்கணும்?”

“கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியால ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். அதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஊசிக்கு ஆர்டர் போடக் கூடாது.”

“கூடாதா?”

“கூடாது சார்.”

அந்த ஊசி, புற்றுநோயோடு வார்டில் கிடக்கிற நீச்சல் மாஸ்டருக்கானது. ஆய்வகத்தில் அவர் வெறும் எண். இவளுக்குத்தான் ஆள் தெரியும். ஐஸ் பெட்டியோடு ரத்தம் வாங்கப் போனபோது, படுக்கையில் சாய்ந்திருந்த மனிதர் குளத்துக்கு அந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரலில் கேட்டார்: “ஏம்மா, இத்தனை டியூப் எடுத்துட்டுப் போறியே, கடை ஏதும் போட்டிருக்கியா?”

“உங்க டி செல்லை வளர்க்கப் போறோம் மாஸ்டர்.”

“அது யாரு, என் சம்மதம் இல்லாம என் உடம்புல?”

அவள் உட்கார்ந்து சொன்னாள். அந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு எப்போதும் ஆசை. உடம்பின் ஒவ்வொரு செல்லும், உள்ளே தான் செய்கிற புரதங்களைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, வெளிச்சுவரில் மாட்டி வைக்கிறது. இதோ பார், உள்ளே இதுதான் நடக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை என்று. ரத்தத்தில் காவலுக்குத் திரிகிற டி செல் ரோந்து வந்து அந்தத் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். ஒரு துண்டில் கோத்த மணி மாதிரி ஒன்பது கண்ணி. புற்றுச் செல்லின் மரபணு கெட்டுப்போனால் அந்த ஒன்பதில் ஏதோ ஒன்று மாறும். ஒன்றே ஒன்று. அதை டி செல் கண்டுபிடித்துவிடும்.

“கண்ணு இல்லாமலா?”

“கண்ணு, மூளை எதுவும் கிடையாது மாஸ்டர். தொட்டே தெரிஞ்சுக்கும்.”

அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “தண்ணியில முப்பது தலை தெரியும். ஒருத்தன் மூச்சு வாங்குற விதம் மாறினா போதும், கரையில இருந்தே எனக்குத் தெரிஞ்சிடும். அந்த மாதிரியா?”

“அதேதான்.”

“அப்ப என் ஆளுங்க இதை மட்டும் எப்படி விட்டாங்க? டீ குடிக்கப் போயிட்டாங்களா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “விடல மாஸ்டர். அவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு. புற்றுநோய் அவங்களை அசர வச்சிடும். மாறின துண்டுங்களை ஊசியில போட்டு, இவனைத்தான் தேடணும்னு காட்டினா கூட்டம் பெருகும்.”

“காட்டுங்க, காட்டுங்க. எனக்கு வேற மருந்து எதுவும் மிச்சமில்லையாம். டாக்டர் சொல்லிட்டாரு.”

ஊசியில் பத்துத் துண்டுக்குத்தான் இடம். கணினிக்கார அண்ணன் கட்டியின் மரபணுவைப் படித்து, மாறியவற்றை வரிசைப்படுத்தி, பத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அவள் மாஸ்டரின் டி செல்களை வளர்த்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு குழியில் காட்டினாள். அடையாளம் தெரிந்த டி செல் ஒரு சரக்கை உமிழும். அது விழுந்த இடத்தில் மைத்துளிபோல ஒரு புள்ளி தெரியும்.

நான்கு குழிகளில் புள்ளி எள்ளைக் கொட்டியதுபோல விழுந்திருந்தது. அதே துண்டின் மாறாத வடிவத்தைக் காட்டிய பக்கத்துக் குழிகள் துடைத்துவிட்டாற்போல வெள்ளை. ஒரு கண்ணிதான் வித்தியாசம். அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். நோயில் துவண்டு கிடக்கிற ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து வந்தவை, வளர்ப்புத் தட்டில் பிழைத்துக் கிடந்தவை, இத்தனை கச்சிதமாகச் சொல்கின்றன. படித்துப் பட்டம் வாங்கிய யாருக்கு இந்தக் கறார் உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மற்ற ஆறு குழிகளில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

செல் அசந்திருக்கும் என்றார்கள் ஆய்வகத்தில். அதே குடுவைச் செல்கள்தான் நான்கு குழிகளில் கத்தித் தீர்த்திருக்கின்றன. ஆறில் மட்டும் அசருமா? அவள் கணினியின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தாள். அந்த ஆறும் வரிசையில் உச்சியில் நின்றன. காரணம், கட்டியின் ஒவ்வொரு செல்லிலும் அந்த மாற்றம் இருக்கிறதாம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும்.

அவளுக்கு அங்கேதான் உறைத்தது. எல்லாச் செல்லிலும் இருக்கிறதென்றால், அது கட்டியில் மட்டும்தான் இருக்கிறதென்று யார் சொன்னது?

கட்டியை அவரவர் சொந்த ரத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கென்று எடுத்த டியூப் வழியில் கெட்டுப்போனது; மற்ற டியூபெல்லாம் டி செல் வளர்ப்பிலும் சோதனையிலும் தீர்ந்துவிட்டன. மறுபடியும் கேட்கக் கூடாதே. அதனால் உலகத்தில் யார் யாரிடமோ சேர்த்த பொது மாதிரியோடு ஒப்பிட்டுவிட்டார்கள். அதில் இல்லாததெல்லாம் மாற்றம் என்று கணக்கு. மாஸ்டர் பிறக்கும்போதே, அவர் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ கொண்டுவந்ததும் அந்தக் கணக்கில் மாற்றம்தான். டி செல்லுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி; சொந்த உடம்போடு சண்டைக்கு நிற்கிற டி செல்லை அது அங்கேயே தீர்த்துக்கட்டிவிடும். அந்தச் சோதனையில் தேறி வெளியே வருவது கொஞ்சம். வந்தது வீட்டு ஆள்மேல் கை வைக்காது. ஆறு குழிகளில் இருந்த செல்களும் அசரவில்லை. இவர்கள் நம்மவர்கள் என்று சும்மா இருந்தன.

இதைத்தான் இப்போது பேராசிரியரிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் குறுக்கே பேசவில்லை. அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்தது. குழாய் வேலை பார்க்கிறவரின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி, வாயில் கொஞ்சமும் பதவிசு இல்லாதவள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, இவர்தான் வா என்றார். செல்லுக்கு நோகாமல் வளர்ப்பு நீரை மாற்றுவது எப்படி என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.

“செல் பேசாததுக்கு நூறு காரணம் இருக்கும்மா.”

“இருக்கட்டும் சார். பஞ்சுக்குச்சி எந்தக் காரணம்னு சொல்லிடும். கன்னத்துச் செல்லுலயும் அந்த ஆறு இருந்தா, பிறவியிலேயே வந்ததுன்னு ஆயிடும்.”

“சரி, நீ சொல்றதே நிஜம்னு வை. ஆறும் சும்மா கிடக்கும். கெடுதல் பண்ணாது. நாலு வேலை செய்யுமே. இப்ப ஆர்டரை நிறுத்தினா அவருக்கு எத்தனை வாரம் போகும் தெரியுமா?”

“மூணு வாரம். கேட்டுட்டேன். அவர் டாக்டர் மூணு வாரம் தாங்கும்னா மாத்தலாம், தாங்காதுன்னா இப்படியே போடலாம். அதை அவங்கதானே சார் முடிவு பண்ணணும்? நாம ஏன் மூடி வைக்கிறோம்? பத்து சீட்டுல ஆறுல வீட்டு ஆளுங்களை உக்கார வச்சிட்டோம். நிஜத் திருடன் வரிசையில பன்னிரண்டாவது, பதிமூணாவதுல நிக்கிறான்.”

“நமக்கு இது முதல் நோயாளி. தப்பாப் படிச்சிட்டோம்னு போய் நின்னா, அடுத்த ஆளை அனுப்புவாங்களா? இவருக்குப் பின்னாடி வர்றவங்களை நினைச்சுப் பாரு.”

“பின்னாடி வர்றவங்களுக்கும் இதே மாதிரிதானே சார் படிப்போம்? நம்மள மாதிரி குடும்பத்துல யாரு அந்தப் பொது மாதிரிக்கு ரத்தம் குடுத்திருக்கா? நாம அதுல இல்லவே இல்லை. அதனால நம்ம உடம்புல இருக்கிறதெல்லாம் அதுக்குக் கோளாறாத் தெரியுது.”

குரல் உயர்ந்துவிட்டது. அம்மாவின் ஒரே புத்திமதி நினைவுக்கு வந்தது: பெரியவங்ககிட்ட தப்புன்னு மட்டும் சொல்லிடாதே, நமக்குன்னு பேச அங்கே ஆளில்லை. வீட்டுக் கூடத்தில் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அப்பா வருகிறவர்களை எல்லாம் அதன் நேர் எதிரே உட்கார வைப்பார். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று மாட்ட வேண்டுமானால் இந்த மனிதரின் தயவு வேண்டும்.

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னைக்கு ஆர்டர் போகட்டும். முதல் ஊசி போட்டதும் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

“அப்ப சொல்லி என்ன சார் பிரயோஜனம்? நான் மாஸ்டரோட டாக்டரைப் பார்த்துச் சொல்லிடுறேன்.”

“உன் ஆய்வேடு என் கையிலதான் இருக்கு, தெரியும்ல?” சொன்னவருக்கே அது பிடிக்கவில்லைபோல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியும் சார்.” அவள் எழுந்தாள். “நீங்க வளர்க்கச் சொல்லிக் குடுத்த செல்லுங்க சார் அது. அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு. அது சொல்றதை நாமளே கேக்கலைன்னா எப்படி?”

பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே கணினிக்கார அண்ணன், ஏதோ அச்செடுக்க வந்தவன் மாதிரி காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“கேட்டுட்டியா?”

“கேட்டேன்.”

“திட்டு விழுந்ததா?”

“உன் வரிசையும் சேர்த்துத்தான் விழுந்தது. ஆறு பேரும் மாஸ்டரோட சொந்தக்காரங்க அண்ணா.”

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான். “எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது” என்றான் மெதுவாக. பிறகு, “எங்க போற? உன் மேசை இந்தப் பக்கம்.”

“வார்டுக்கு.”

“சார் சரின்னாரா?”

“இல்லை” என்று சொல்லிவிட்டு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள்.