மைனா அடைத்த குழாய்

வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. அவள் தன் புருஷனின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதும் நல்ல சட்டை போடச் சொன்னால் இப்படித்தான் முரண்டு பிடிப்பார். விரலிடுக்கில் திராட்சைச் சாயம் அப்படியே இருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

“தொப்பியையும் பெட்டியில வெச்சிடணும் அண்ணி,” என்றான் கொழுந்தன். “அது இல்லாம அண்ணனை யாருக்கும் அடையாளமே தெரியாது.”

“கடைசியில வைக்கலாம்,” என்று தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நான் நிலவறைக்குப் போய்த் தோலை அமுக்கிட்டு வந்துடறேன். நேத்துலேர்ந்து யாரும் தொடல. விட்டா மொத்த ஒயினும் கெட்டுப் போயிடும். அண்ணன் போட்ட கடைசி ஒயின்.”

அவள் தலையாட்டினாள்.

தொட்டியில் சாறு நொதிக்கும்போது திராட்சைத் தோல் மேலே திரண்டு மிதக்கும். அதை நீளக் கம்பால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாவு வீடு என்று அது காத்திருக்குமா? நேற்று அவரும் அதற்குத்தான் இறங்கினார். தலை கீழ்ப்படியிலும் கால் மேல்படியிலுமாகக் கிடந்தவரைத் தம்பிதான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். நெஞ்சு நிற்காமல் யார்தான் செத்தார்கள்?

இடது கையை மாட்டும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மைனா பறந்தது. அலகில் புழு. நிலவறைக்குக் கீழே சரிவில் இருக்கும் கல்சுவருக்குப் போய், அங்கே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாய்க்குள் நுழைந்தது.

சட்டையை விட்டுவிட்டு அவள் ஜன்னலருகே போனாள்.

பறவை ஆபீசர் என்று ஊரே அவரைக் கேலி செய்யும். எலிக்கு விஷம் வைக்கக் கூடாதென்று ஆந்தைகளுக்குப் பெட்டி கட்டினார். களைக்கொல்லி வேண்டாமென்று கொடி வரிசைகளுக்குள் ஆடுகளை மேயவிட்டார். போன வருஷம், கரண்ட் வீண் என்று நிலவறையின் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கழற்றிவிட்டுத் தரையோடு அந்தக் கல்சுவர் வரை ஒரு குழாய் பதித்தார். நொதிக்கும் சாற்றிலிருந்து வரும் கெட்ட காற்று கனமானது, தண்ணீர் மாதிரி தானே சரிவில் வழிந்து போய்விடும் என்றார். போகவும் செய்தது. ஃபேன் இருந்த காலத்தில் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அணைந்தால் அங்கே மூச்சு விட முடியாது, திரும்பிவிட வேண்டும். குழாய் வந்த பிறகு அந்த வழக்கமும் போயிற்று.

மைனா அந்தக் குழாயில் வைக்கோல் சேர்ப்பதை அவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். “பாவம், குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டுமே. அறுவடைக்குள்ள எடுத்துடலாம்,” என்றார். வெயில் கொளுத்தித் திராட்சை முன்னாடியே பழுத்துவிட்டது. அந்த அவசரத்தில் மைனாவை யார் நினைத்தார்கள்?

“ஐயோ, தம்பி!”

பாதி போட்ட சட்டையோடு அவரை விட்டுவிட்டு ஓடினாள்.

நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. “தம்பி! தம்பி!” பதில் இல்லை. கதவோரத்துப் பலகையில் பழைய மெழுகுவர்த்தி தூசி படிந்து கிடந்தது. அவசரத்தில் இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. பற்றவைத்து, இரண்டு படி இறங்கி, குனிந்து தாழப் பிடித்தாள். காற்று துளியும் வீசவில்லை. சுடர் சுருங்கிச் சத்தமில்லாமல் அணைந்தது.

கீழே ஒரே இருட்டு. தொட்டி பொங்கும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. ஒருத்தர் விழுந்தால் இன்னொருத்தர் இறங்கவே கூடாது என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஆனாலும் அடுத்த படிக்கு அவள் கால் நீண்டுவிட்டது. காலை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதற்காகத் தன்னையே சபித்துக்கொண்டு, சரிவில் விழுந்தடித்து ஓடினாள்.

குழாய்க்குள் கையை விட்டாள். முதலில் குஞ்சுகள் வந்தன, மூன்று. ஒன்று அசையவில்லை. மற்ற இரண்டையும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இடுப்புத் தொப்பிக்குள் போட்டுச் சுவர்மேல் வைத்தாள். உள்ளே ஆட்டு மயிரும் வைக்கோலும் சேறும் மெத்தை மாதிரி இறுகிக் கிடந்தன. தோள்வரை கையை நுழைத்துப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். புளித்த காற்று முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விலகினாள்.

“கடவுளே, இவனையாவது விடு!”

“அண்ணி?”

மேலே கம்பும் கையுமாக அவன் நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“நான் இறங்கல அண்ணி. அந்தப் படியைப் பார்த்ததும் கால் வரல. ஷெட்டுக்குப் பின்னாடி உக்காந்து அழுதுட்டிருந்தேன். திட்டாதீங்க.”

ஏறி வந்து அவன் தோளில் பளீரென்று அடித்தாள். “பாவி! கூப்பிட்டா வாயைத் திறக்க மாட்டியா?” மறுபடி அடித்தாள். பிறகு அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

அவன் அவள் கையிலிருந்த ஆட்டு மயிரைப் பார்த்தான். கீழே குழாயைப் பார்த்தான்.

“அப்போ அண்ணன்...”

“ஆமா.”

சாயங்காலம் பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். சட்டை ஒழுங்காகப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டியாயிற்று.

“தொப்பி எங்கம்மா?” என்றார் பெட்டி செய்த தச்சர். “தொப்பி இல்லாம இவரா?”

அவள் ஜன்னல் வழியே கல்சுவரைப் பார்த்தாள். தொப்பியின் விளிம்பில் மைனா வந்து உட்கார்ந்தது.

“அது வேலையா இருக்கு,” என்றாள். “நீங்க மூடுங்க.”

கொழுந்தனும் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு தச்சரோடு சேர்ந்து மூடியைத் தூக்கினான்.