மாற்று எண்

எங்கள் குழுத் தலைவருக்கு ‘ஆச்சு’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். எதைக் கேட்டாலும் “ஆச்சு, ஆச்சு” என்பார். போய்ப் பார்த்தால் பாதிகூட ஆகியிருக்காது. கோபமே வராத மனுஷர். அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வேன்.

நாங்கள் செய்வது வாயுக் கசிவை எச்சரிக்கும் மென்பொருள். தொழிற்சாலையில் வாயு கசிந்தால், அங்கே பொறுப்பில் இருப்பவரின் போன் அடிக்கும், மெசேஜும் போகும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மென்பொருள்தான். போன் எண், அறைகளின் எண்ணிக்கை மாதிரி சமாச்சாரங்கள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் அமைப்புக் கோப்பை டெம்ப்ளேட்டாக எழுதி, அந்த இடங்களைக் காலியாக விட்டிருப்போம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் பிரதியைத் தயாரிக்கும் ‘பில்ட்’ ஓடும்போது, லைப்ரரி என்கிற துணை நிரல் ஒன்று வந்து அந்தந்த வாடிக்கையாளரின் விவரத்தை அங்கே நிரப்பும். விவரம் கிடைக்கவில்லையென்றால் பில்டை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். இல்லாவிட்டால், நாம் கொடுத்து வைத்திருக்கும் மாற்று மதிப்பைப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் மேலே போகச் சொல்லலாம்.

நான் ‘நிறுத்து’ என்றுதான் வைத்திருந்தேன். அதற்காக ஆச்சுவோடு பெரிய சண்டையே போட்டேன்.

“போன் நம்பர் இல்லாம ஒரு பில்டும் வெளிய போகக் கூடாது சார். எங்க அண்ணன் வேலை பார்க்குற குளிர்பதனக் கிடங்குக்கும் இதுதான் போகப்போகுது. போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“சரிம்மா தாயே, உன் இஷ்டம். ஆச்சு.”

நேற்று மதியம் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டுத் துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடியும் துண்டித்தார்.

“வாரம் பூரா நம்ம பசங்க டெஸ்ட் ஓட்டி என் உயிரை வாங்குறாங்க. நீயே பாரு.”

போனை என் பக்கம் தள்ளினார். மெசேஜ் திறந்திருந்தது. அமோனியா கசிவு, அறை நான்கு. அதற்கு மேலே அதே மாதிரி இன்னும் சில. எங்கள் டெஸ்ட் அமைப்பில் இருப்பதே இரண்டு அறைதான்.

“சார், இது டெஸ்ட் இல்ல. நாலாவது ரூம் நமக்கு ஏது?”

அவர் முகம் செத்துப்போனது. கையில் ஒட்டிய சோற்றை உதறக்கூட இல்லை.

“கிடங்குக்காரங்க நம்பரே தரலம்மா. பில்ட் நின்னுக்கிட்டே இருந்துச்சு. டெலிவரிக்கு மேலிடத்துல நெருக்கினாங்க. நம்பர் வந்ததும் மாத்திக்கலாம்னு நான்தான்... ஒரு தடவைதானேன்னு ‘நிறுத்து’ங்கிறதை எடுத்துட்டேன்.”

மாற்று மதிப்பாக இருந்தது டெஸ்டுக்காகப் போட்ட அவருடைய சொந்தப் போன் எண். இதற்கு மேலும் அவர், இவர் என்று எனக்கு வரவில்லை. அடப்பாவி, கசிவு என்று அந்தக் கருவி கத்தியதெல்லாம் இவன் சட்டைப்பைக்குள்ளேயே கத்தியிருக்கிறது. இவன் அதைக் கொசுவைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுடா, எடுத்துத் தொலையேன்டா என்று வாய்விட்டுக் கத்தினேன். கிடங்கு வாசலுக்கு அழைத்தால் காவலாளி எடுத்தார். “ஆளுங்களைத் தூக்கிட்டு வர்றாங்கம்மா, வைங்க” என்று வைத்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாரோ கொடுத்த பையை மடியில் வைத்திருந்தாள், அதில் அண்ணனுடைய பூட்ஸ். பக்கத்தில் கிடங்கின் மூட்டை தூக்குபவர், கண்களில் ஈரத்துணியை ஒற்றியபடி நின்றார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீதானாம்மா அந்தத் தங்கச்சி? அண்ணே, நெடி தூக்கலா இருக்கே, வெளிய போயிடலாம்னு நான் சொன்னேம்மா. உங்க அண்ணன் சிரிச்சாரு. இது எப்பவும் வர்ற நெடிதான்டா, நெசமாவே கசிஞ்சா இந்நேரம் மேனேஜர் போன் அடிச்சிருக்கும், அது என் தங்கச்சி செஞ்சது, தப்பாதுன்னாரு. சொல்லிட்டு நாலாவது ரூம் கதவைத் தொறந்தாரு.”

அண்ணியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று தெரிந்ததும் ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

“மெஷின்னா என்னைக்காவது கெட்டுத்தானேம்மா போகும். நீ என்ன பண்ணுவே?”

“கெட்டுப் போகல அண்ணி” என்றேன். “அது சரியாத்தான் சொல்லுச்சு. எங்க ஆபீஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன்கிட்ட சொல்லுச்சு.”

அவள் என் கையை விட்டாள்.