எட்வர்ட் பார்த்த கதகளி

எட்வர்ட் எந்த நிகழ்ச்சியையும் முடியும்வரை பார்த்தவனில்லை. சினிமாவில் வில்லன் செத்து விழுவதற்குள் அவன் பார்க்கிங்கிலிருந்து பைக்கை உருட்டிக்கொண்டிருப்பான். சொந்தக் கல்யாண வரவேற்பிலேயே, பரிசுப் பொட்டலத்தோடு வரிசை வாசல்வரை நிற்கும்போது, போட்டோகிராபரின் காதில் "முடிஞ்சிச்சா பிரதர்?" என்று கேட்டவன். தேர்வாய் கண்டிகையில் ஒரு பைப் கம்பெனியில் சூப்பர்வைசர். சங்கு ஊதி வாய் மூடுவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுபவனே கெட்டிக்காரன் என்பதுதான் அந்த வேலை அவனுக்குக் கற்றுத் தந்த பாடம்.

அவன் மனைவி ஏஞ்சலினுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவன் தோளில் சாய்ந்துகொண்டு, ஏதாவது ஒன்றை, எதுவாக இருந்தாலும் சரி, முடிவுவரை பார்க்கவேண்டும். பத்து வருஷமாக அவள் பார்த்த படங்களுக்கெல்லாம் கிளைமாக்ஸ் சொன்னது பக்கத்து வீட்டு நர்மதாதான்.

அதனால்தான் பத்தாவது கல்யாண நாளுக்குக் கொச்சி போகலாம் என்று எட்வர்ட் சொன்னதும், "கதகளி பாக்கணுங்க, நேர்ல, முழுசா" என்றாள். பையனை எட்வர்டின் அக்கா விக்டோரியாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள்.

கொச்சியில் சின்ன அரங்கு ஒன்று. மேடையிலேயே கலைஞர்கள் உட்கார்ந்து ஒப்பனை செய்துகொண்டார்கள். முகத்தில் பச்சை ஏறியது, கண்ணுக்கு மை தீட்டினார்கள், தாடையோரம் வெள்ளையாக ஒரு விளிம்பு ஒட்டினார்கள். ஏஞ்சலின் மூச்சு விட மறந்து பார்த்தாள். எட்வர்ட் எல்லாவற்றையும் போனில் பிடித்தான். ஒப்பனை முடிந்தது. கலைஞர்கள் எழுந்து உள்ளே போனார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் டீ குடிக்க எழுந்தார்கள்.

நாலு பேர் எழுந்தால் எட்வர்டுக்குப் போதும்.

"வா வா வா! கும்பல் வரதுக்குள்ள ஆட்டோ புடிச்சிரலாம்."

"இன்னாங்க, அதுக்குள்ள முடிஞ்சிச்சா?"

"பாத்தியே, மூஞ்சில எவ்ளோ வேல! இதாம்மா கதகளி. ஓட்டல்ல பஃபே வேற இருக்குது, லேட்டா போனா மீனு இருக்காது."

ஆட்டோ கிளம்பித் திரும்பும்போது பின்னாலிருந்து செண்டை முழங்கியது. ஏஞ்சலின் எட்டிப் பார்த்தாள். வாசல் பலகையில், ஒப்பனைக்குப் பின் நடனம் என்று ஆங்கிலத்தில் பெரிதாகவே எழுதியிருந்தது.

"மேளம் அடிக்கிறாங்களே?"

"அது அடுத்த ஷோ" என்றான் எட்வர்ட், சந்தேகமே இல்லாமல்.

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாண நாளும் அதுவுமாக அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஃபேயில் மீன் இருந்தது. அவளுக்குத்தான் இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் எட்வர்ட் கலை விமர்சகன் ஆகிவிட்டான். கம்பெனி பஸ்ஸில், சர்ச் வாசலில், சலூனில் எங்கும் கதகளிதான். அதே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் நர்மதாவின் புருஷன் கோபால் மட்டும் ஒருநாள் எட்வர்ட் வீட்டு வாசலில் நின்று கேட்டான்: "ஆடுவாங்கனு சொல்றாங்களே தல?"

"அது டூரிஸ்ட்டுங்களுக்குக் காட்றது கோபாலு. ஒரிஜினல் கதகளின்னா அசையாம உக்காந்துக்கினு இருப்பாங்க. எல்லாம் மூஞ்சிலயே. நமக்குக் கலைக்கண்ணு வேணும்."

உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த ஏஞ்சலின் கரண்டியைக் கல்லில் ஓங்கித் தட்டினாள். கலைக்கண் அதைக் கவனிக்கவில்லை.

அந்த மாதமே ஆரம்பாக்கம் சர்ச்சில் ஆண்டு விழா வந்தது. பெண்கள் சங்கத்தார் தாங்களே ஒரு குடும்ப நாடகம் எழுதியிருந்தார்கள். ஆண் வேஷமும் பெண்களுக்கே. துபாயிலிருந்து திரும்பும் அப்பா வேஷம் ஏஞ்சலினுக்கு. அந்த அப்பா வருவது கடைசிக் காட்சியில். ஏஞ்சலின் மேடை ஏறுவதும் அதுதான் முதல்முறை. கடைசிக் காட்சியின்போது எட்வர்ட் வழக்கமாக எங்கே இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

சங்கத்துச் செயலாளர் விக்டோரியாதான். ஏஞ்சலின் அவளிடம் போய், "அண்ணி, இந்த வருஷம் உங்க தம்பியே தலைமை தாங்கட்டும். கதகளி பாத்த ஆளாச்சே. பேச்சும் பொன்னாடையும் நாடகம் முடிஞ்சப்புறம் வெச்சிக்கலாம்" என்றாள்.

விக்டோரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன ஒரு எடத்துல உக்கார வெக்கிறதுக்கு இம்மாம் பெரிய சேரா? நல்லா கட்டிப் போடுற, போ!"

விழா மாலையில் தலைவர் எட்வர்ட் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நேரே ஒப்பனை அறைக்குள் போய் எல்லோருக்கும் ஆலோசனை சொன்னான். "மூஞ்சிதான் முக்கியம், மூஞ்சிதான்." மீசை ஒட்டிக்கொண்டிருந்த மனைவியிடம், "சூப்பரா கீற ஏஞ்சி. எப்ப முடியும்?" என்றான்.

"பொன்னாட போட்டதும்."

முதல் வரிசையில், நடுநாயகமாக, தப்பிக்க வழியில்லாத நாற்காலி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புக்காகப் பிடித்துவந்த செண்டைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். மேடையில் திரை விலகியது.

எட்வர்டின் முகம் மெதுவாக மாறியது. ஒப்பனை. அப்புறம் செண்டை. அதற்கப்புறம்தான் ஆட்டம். இதே சத்தத்தை அவன் எங்கே கேட்டான்? ஆட்டோவில்.

மேடையோரத் திரை இடுக்கு வழியாக ஏஞ்சலின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை பூசாமலேயே அந்த முகத்தில் வியப்பு, பயம், அசடு எல்லாம் வரிசையாக வந்து போயின. ஒரிஜினல் கதகளி. அசையாமல் உட்கார்ந்திருந்தான், எல்லாம் மூஞ்சியிலேயே.

கடைசிக் காட்சியில் துபாய் அப்பா பெட்டியோடு நுழைந்தபோது மீசை ஒரு பக்கம் தொங்கியது. கூட்டம் சிரித்தது. எட்வர்ட் சிரிக்கவில்லை. நாற்காலி விளிம்புக்கு வந்து கை தட்டினான். அங்கேதான் இருந்தான்.

நாடகம் முடிந்தது. பொன்னாடையைப் போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "கலை என்பது…" என்று அவன் தொடங்கியதும் பின்னால் பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்கியது. நாலு பேர் எழுந்தார்கள். அப்புறம் நாற்பது பேர். கும்பலுக்கு முன்னால் போய்விட வேண்டுமென்று முதலில் ஓடியவன் கோபால். பஸ்ஸில் பழகிய பாடம். விக்டோரியா பொட்டலம் எண்ணப் போய்விட்டாள்.

காலி நாற்காலிகளுக்கு நடுவில், பேன்ட் சட்டையும் அரை மீசையுமாக ஏஞ்சலின் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். காலை மடித்து வசதியாக.

"சொல்லுங்க தலைவரே, கேட்டுக்கினு இருக்கேன்."

"கதகளில… மொதல்ல மூஞ்சிக்குப் பச்ச பூசுவாங்க" என்றான் எட்வர்ட் மைக்கில்.

"அப்புறம்?"

"மை வெப்பாங்க."

"அப்புறம் இன்னா ஆச்சு?"

எட்வர்ட் மைக்கை அணைத்தான். "சத்தியமா அடுத்த ஷோன்னுதான் நெனச்சேன் ஏஞ்சி. அப்பவே சொல்லக்கூடாதா?"

"உங்களுக்கு மீனு ஆறிப் போய்டுமே."

அவன் மேடையை விட்டு இறங்கி அவள் பக்கத்து நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்தான். "வர லீவுல மறுபடியும் போலாம். செண்டையில இருந்து."

"ஒப்பனையில இருந்து" என்று திருத்தினாள் ஏஞ்சலின், அவன் தோளில் சாய்ந்தபடி. மீசையின் மிச்சம் பொன்னாடையில் ஒட்டிக்கொண்டது.

வெளியே பிரியாணி தீர்ந்துகொண்டிருந்தது. எட்வர்டின் வலது கால் மட்டும் தானாக வாசல் பக்கம் திரும்பிற்று. ஏஞ்சலின் அதன்மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டாள்.